கால் உடைந்த நாலு

அந்தப் பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள் சார். மற்றபடி காலை நீட்டுங்கள், என் மேல் சாய்ந்து தூங்குங்கள், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இருங்கள், பையை நானே மடியில் வைத்துக்கொள்கிறேன். கனம்தான். இருக்கட்டும்.

கண்டக்டர் சொன்னதைக் கேட்டீர்களா? "மண்ணு சரிஞ்சிருக்குதுங்க, ஜேசிபி வந்துட்டிருக்குது." பஸ் நின்ற நேரத்திலிருந்து இதையே சொல்கிறான். எங்கிருந்து வருகிறதாம், ஜப்பானிலிருந்தா? முன்னால் மண். பின்னால் கேஸ் சிலிண்டர் லாரி. என் பக்கம் பாறை, உங்கள் பக்கம் பள்ளம். இறங்கி நடக்கலாமென்றால் மழை ஊற்றுகிறது. பர்லியாறு வரைக்கும் நடந்துதான் என்ன, அங்கே மங்குஸ்தான் வாங்கித் தின்றுகொண்டு நிற்கலாம். குன்னூரில் ஏறும்போதே மனசு சொல்லிற்று, கோத்தகிரி வழியாகப் போடா குழந்தைவேலு என்று. கேட்டேனா? நல்ல பேச்சைக் கேட்டால் நான் எதற்குக் குழந்தைவேலு.

கடை மூடுவதற்குள் நான் கோயமுத்தூரில் இருக்க வேண்டும் சார். துப்பாக்கிக் கடை.

பார்த்தீர்களா, பயந்துவிட்டீர்கள்! சர்க்கார் லைசென்ஸ் கொடுத்த கடை சார். நானும் லைசென்ஸ் வைத்திருக்கிறவன்தான். அங்கே இன்றைக்கு ஒரு ரைஃபிள் கை மாறுகிறது. கொடுக்கிறவன் பெயர் போஜன். என் சிநேகிதன். போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சிநேகிதன். வாங்குகிறவர் டாக்டர் சேஷகிரி, எலும்பு டாக்டர். கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரியே போஜன் ப்ளேன் ஏறி ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்குப் போகிறான். இனி வரமாட்டான். கையெழுத்துக்கு முன்னால் நான் போய் நின்றால் அந்த ரைஃபிளை விடமாட்டேன், மறித்து என் பெயருக்கு வாங்கிவிடுவேன். பின்னால் போனால் போனதுதான்.

ஏனென்றால் அந்த ரைஃபிளின் கண் என் மடியில் இருக்கிறது. பாருங்கள். எட்டியே பாருங்கள். ஸ்கோப் என்பார்கள். துப்பாக்கி மேல் மாட்டி, தூரத்தில் நிற்கிறவனைப் பக்கத்தில் இழுத்துப் பார்க்கிற குழாய். வெள்ளைக்காரன் சண்டைக் காலத்துச் சாமான். கண்ணை வைத்துப் பார்ப்பதென்றால் பாருங்கள், ஆனால் இதோ இந்த நம்பர் மேல் மட்டும் விரல் படக்கூடாது. நாலு, ஏழு, ஒன்று, நாலு. என் பேரன் தொட்டதற்கே முதுகில் ஒன்று வைத்தேன்.

நான் மூணாங்கிளாஸ் சார். அதற்கப்புறம் எனக்குப் பள்ளிக்கூடம் ஏலக் கூடம்தான். பட்டாளத்தில் கழித்துப் போடுகிற கட்டில், வாளி, பூட்டுப் போன பெட்டி, ஓடாத ஜீப்பு, எல்லாம் லாட் லாட்டாகப் போகும். எடுத்து வந்து பிரித்து விற்பேன். அடி வாங்கியிருக்கிறேன், ஏமாந்திருக்கிறேன், எல்லாம் மீசை முளைக்கிறதுக்கு முன்னால். முளைத்த பிறகு என்னை ஏமாற்றினவன் இந்த மலையில் கிடையாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாமானைப் பார்க்க மாட்டேன் சார், சாமானைப் பார்க்கிறவன் கண்ணைப் பார்ப்பேன். கண் மின்னினால் விற்கக் கூடாது.

அப்படித்தான் ஒரு லாட்டில் இது வந்தது. ஒரு மரப்பெட்டிக்குள் பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது. என்னவென்று எனக்குத் தெரியாது. கண்ணில் வைத்தேன், எதிர் மலையிலிருந்த எருமை என் மூக்குக்கு முன்னால் நின்றது, அவ்வளவுதான் தெரியும். அந்த வாரம் பேரிங் தேடிக்கொண்டு கடைக்கு வந்தான் போஜன். படகர் வீட்டுப் பிள்ளை. சொந்தத்தில் தேயிலை ஃபேக்டரி, ஆனால் எந்நேரமும் கையில் கிரீஸ். மிஷினை அவனே பிரித்து அவனே மாட்டுவான். பேரிங்கைப் புரட்டிக்கொண்டிருந்தவன் இதைப் பார்த்தான். கண் மின்னிற்று சார்!

"இது என்ன விலைங்க?"

"விக்கறதுக்கில்லைங்க."

"காயலான் கடையில விக்காத சாமானுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"இதானுங்க அது."

கையில் வாங்கினான். நம்பர் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினான். உதடு அசைந்தது. நாலு, ஏழு, ஒன்று, நாலு. மறுபடியும் ஒரு தரம், பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி. வைத்துவிட்டுப் போய்விட்டான். வாங்க வந்த பேரிங்கை மறந்துவிட்டான் என்றால் பாருங்களேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் வீங்கியிருந்தது. "என்னங்க இது?" என்றேன். "சுத்தியல் பட்டுருச்சுங்க. ஃபேக்டரி வேலையில்லைங்களா" என்றான். என்றுவிட்டு, "நம்ம வீட்டுல ஒரு ரைஃபிள் இருக்குதுங்க. ஒரு தோட்டத் துரை ஊருக்குப் போறப்ப எங்கப்பன் வாங்கினது. துரை பர்மா சண்டையில இருந்தவரு. வந்து பாருங்களேன்" என்றான்.

போனேன். இந்தச் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்காது சார், சொல்கிறேன். எல்லா ரைஃபிளுக்கும் ஸ்கோப் கிடையாது. மறைந்திருந்து சுடுகிற ஆளுக்கென்று பொறுக்கி எடுத்த ரைஃபிளுக்குத்தான். ஒரு ரைஃபிளுக்கு ஒரு ஸ்கோப். இதற்கு அது, அதற்கு இது, மாற்றிப் போட்டால் குறி தப்பும். அதனால் ஸ்கோப்பின் நம்பரைத் துப்பாக்கிக் கட்டையில் அடித்துவிடுவார்கள், கட்டை ஒடுங்குகிறதே, அந்தக் கழுத்தில். தாலி கட்டின மாதிரி. பட்டாளத்துக் குண்டுக்கு லைசென்ஸ் கிடையாதென்று போஜன் ரைஃபிளில் குழலை மாற்றியிருந்தார்கள். கட்டை மட்டும் அசல். அந்தக் கழுத்தைத் துணியால் துடைத்துக் காட்டினான்.

நாலு, ஏழு, ஒன்று, நாலு.

உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகத்தில் எத்தனை துப்பாக்கி! பர்மாவில் பிரிந்தது குன்னூரில் வந்து சேர்கிறது! குனிந்து குனிந்து பார்த்தேன். நாலு இரண்டுக்கும் கால் பாதி உடைந்திருந்தது. பழைய அச்சு. அந்தக் காலத்து அடையாளம்.

போஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, ரெண்டும் ஜோடி. பிரிச்சு வெக்கறது பாவமில்லைங்களா? ஸ்கோப்பை எனக்குக் குடுத்துருங்க" என்றான்.

யாரிடம்? என்னிடம்! நான் சொன்னேன்: "பாவந்தானுங்க. பிரிக்கவே கூடாது. ரைஃபிளை எனக்குக் குடுத்துருங்க."

அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பூட்டின வீட்டுக்குள் சாவியை வைத்தவன் மாதிரி விழித்தான். ஏன் அப்படி விழித்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நேரான பேரம்தானே நான் கேட்டது?

அன்றைக்கு மாட்டினோம் சார் இரண்டு பேரும். அவன் ரைஃபிளை விடமாட்டான், நான் ஸ்கோப்பை விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் நான் இதைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். மாட்டுவோம். ஆளுக்கொரு தரம் கண்ணை வைத்து எதிர்த் தோட்டத்தைப் பார்ப்போம். காட்டெருமை நிற்கும், கொழுந்து எடுக்கிற பெண்கள் நிற்பார்கள். குண்டு போட்டதில்லை. அப்புறம் எண்ணெய் விட்டுத் துடைத்து, கழற்றி, அவனுடையது அவன் அலமாரியில், என்னுடையது என் பையில். என் மகள் நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் இல்லை. என் வீட்டுக்காரி இருந்த வரைக்கும் சொல்லிக் காட்டினாள்: "அந்தத் துப்பாக்கிக்கே தாலியக் கட்டியிருக்கலாமில்ல? எங்கப்பன் செலவாச்சும் மிஞ்சியிருக்கும்."

சண்டை வராமலா? என் வாய்க்கு மாதம் ஒரு சண்டை. ஒரு தரம் எண்ணெய்ச் சண்டை. தேங்காயெண்ணெயை விட்டுத் துடைத்திருந்தான், மடையன். "நீ தோசை சுடறதுக்கா வெச்சிருக்கே இதை?" என்று கேட்டேன். "உன் வாயில ஊத்தறதுக்குத்தான் வாங்கினேன், மிச்சம் இருந்துச்சு" என்றான். டம்ளரை விட்டெறிந்துவிட்டு வந்தேன். மற்ற சிநேகிதமென்றால் அதோடு முடிந்திருக்கும். எப்படி முடிக்கிறது? அவனிடம் கட்டை, என்னிடம் கண். அடுத்த ஞாயிறு வாலைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றேன். புது டம்ளரில் டீ கொடுத்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படியே ஒரு ஆயுசு சார். ஜெயிலில்கூட நன்னடத்தை என்று விடுகிறார்கள்.

ஜோடி நம்பர் சங்கதி பரவிவிட்டது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் துப்பாக்கி சுடுவதற்கு, இவர்களுக்குத் தடவுவதற்கு. டாக்டர் சேஷகிரி கோயமுத்தூரிலிருந்து காரில் வருவார். அப்புறம் வர்க்கி, பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்து ரிட்டயரான மலையாளி. அவர் கை வைக்காத துப்பாக்கி கிடையாது. முதல் தரம் வந்தபோது கட்டையைக் கையில் வாங்கி, கழுத்து நம்பரைப் பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அப்புறம் போஜனைப் பார்த்தார். போஜன் தரையைப் பார்த்தான். நான் பெருமையாக, "எப்படிங்க நம்ம நம்பர்?" என்றேன்.

வர்க்கி சொன்னார்: "நல்ல நம்பராணு." அப்புறம் போஜன் தோளில் கையை வைத்து, "இது ஒருத்தனுக்கும் விற்கண்டா கேட்டோ. இவருக்குத் தீரெ விற்கண்டா. கையிலே வெச்சோ" என்றார்.

அதாவது, அவ்வளவு அபூர்வம், என்னிடம்கூடக் கொடுத்துவிடாதே என்கிறார். அந்தப் புண்ணியவானால் கெட்டது என் பேரம். அன்றிலிருந்து போஜன் பிடித்துக்கொண்டான். யார் விலைக்குக் கேட்டாலும் சிரிப்பான். நான் கேட்டால் மட்டும் முகம் செத்துவிடும். "உனக்கு மட்டும் தரமாட்டேன் வேலு." ஏன்யா? "உக்காரு, ஒரு நாளைக்குச் சொல்றேன்." உட்கார எனக்கு எங்கே பொறுமை! ஒரு தரம் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறேன் சார். வயசானவர்கள் இரண்டு பேர், வாசலில், ஊர் பார்க்க.

ஆனால் ஒன்று. எலெக்ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், தெரியுமில்லையா? ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் அங்கேதான். அந்த மாதங்கள் வீண். ரைஃபிள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்ன ஞாயிற்றுக்கிழமை? மூஞ்சியை மூஞ்சி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு எலெக்ஷன் சமயம்தான் என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போஜன் தினம் வந்தான். கஞ்சி வைத்துக் கொண்டுவந்தான், படகர் வீட்டுக் கஞ்சி, உப்பே இல்லாமல். ராத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தான். அவள் போனபோது என் மகன்கூடப் பெங்களூரிலிருந்து வந்து சேரவில்லை, இவன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் வேறு வேலை இல்லை பாருங்கள், ரைஃபிள் ஸ்டேஷனில் இருந்தது, அதனால் வந்தான்.

என்ன சார் கண்ணைத் துடைக்கிறீர்கள்? சாரலா? ஜன்னலைச் சாத்துங்கள்.

பிறகு அவன் ஃபேக்டரி நொடித்துப்போய் மூடினான். மிஷினெல்லாம் யாருக்குப் போகும்? எனக்குத்தான். "நீயே எடு வேலு, நீ எடுத்தா கொஞ்சம் வலி கம்மி" என்றான். எடுத்தேன், அதிலும் பேரம் பேசித்தான் எடுத்தேன், சிநேகிதம் வேறு தொழில் வேறு. பிரிக்கப் பிரிக்க ஒரு வேடிக்கை. இலை வாட்டுகிற தொட்டி, உருட்டுகிற மிஷின், தள்ளுவண்டி, எல்லாவற்றிலும் நம்பர் தகடு. எந்தத் தகட்டில் நாலு வந்தாலும் கால் பாதி உடைந்திருக்கிறது! நாலு, பதினாலு, நாற்பது, எல்லாம் நொண்டி. அப்போதே நினைத்துக்கொண்டேன், வெள்ளைக்காரன் வேலை வெள்ளைக்காரன் வேலைதான், துப்பாக்கிக்கும் தேயிலை மிஷினுக்கும் ஒரே அச்சு வைத்து அடித்திருக்கிறான்.

கடைசியில் ஒரு அலமாரி அடியில் அந்த அச்சுப் பெட்டியே கிடைத்தது. நம்பர் பஞ்ச். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரைக்கும், சுத்தியலால் தட்டி நம்பர் பதிக்கிற இரும்புக் குச்சிகள். நாலை எடுத்துப் பார்த்தேன், முனையில் கால் உடைந்திருந்தது. அதை மட்டும் எடைக்குப் போடவில்லை. என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஏன் விற்கவில்லையா? விலை வரவில்லை சார். பழைய பஞ்சை யார் வாங்குகிறார்கள்?

விடுங்கள், கதைக்கு வருகிறேன். போன மாதம் போஜன் மகள் வந்தாள். அப்பனைத் தனியாக விட மாட்டேன், வீட்டை விற்று என்னோடு வா என்று நின்றாள். நல்ல பெண். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க, அவரு வரமாட்டேங்கறாரு. கேட்டா ஞாயித்துக்கிழமை யாரு வருவான்னு கேக்கறாரு" என்றாள். நான் சொன்னேன், போகட்டும் தாராளமாக, ரைஃபிளை என் பெயருக்கு மாற்றிவிட்டுப் போகட்டும். லைசென்ஸுக்கு இரண்டு துப்பாக்கி, என்னுடையதில் இரண்டாவது இடத்தை எத்தனையோ வருஷமாகக் காலியாகவே வைத்திருக்கிறேன். போஜன் என் பையைப் பார்த்தான். "அடுத்த வாரம் வா, ஸ்கோப்பை எடுத்துட்டு வா. உக்காந்து பேசணும்" என்றான். எனக்கு நெஞ்சு துள்ளிற்று. முடிந்தது, எனக்குத்தான் என்று புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

போனால் மேஜை மேல் ரைஃபிள். பக்கத்தில் உப்புத்தாள். கட்டைக் கழுத்தை வழித்துத் தேய்த்து மெருகு போட்டு வைத்திருக்கிறான். நம்பர் இல்லை. நாலும் இல்லை, ஏழும் இல்லை. குழந்தை கன்னம் மாதிரி வழவழவென்று இருக்கிறது.

எனக்குக் கண் இருட்டிவிட்டது சார். இந்தப் பைத்தியம் பிடித்தவன் எவனும் செய்யாத பாவம் அது. கட்டை வெடித்தால் வெடித்தபடி இருக்கட்டும், கறுத்தால் கறுத்தபடி இருக்கட்டும், உப்புத்தாள் மட்டும் படக்கூடாது என்று டாக்டரே ஆயிரம் தரம் சொல்லுவார். நம்பரை அழித்தால் எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கோர்ட்டில்கூட நிரூபிக்க முடியாது.

"யாருக்குக் குடுக்கறதுக்குடா அழிச்சே?" என்று கத்தினேன்.

"டாக்டருக்கு. உள்ளபடி சொல்லித்தான் குடுக்கறேன், நம்பர் இல்லாத கட்டைன்னு. உக்காரு வேலு. கும்பிட்டுக் கேக்கறேன், உக்காரு. சொல்றேன்."

"நீ ஒரு மயிரும் சொல்ல வேண்டாம். செத்தாலும் உன் வாசல் மிதிக்க மாட்டேன். நீ செத்தாலும் மிதிக்க மாட்டேன்."

அப்படியே சொன்னேன். படியிறங்கும்போது பார்த்தேன், உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவன் விரல் முழுக்க மரத்தூள்.

இன்று காலை டாக்டர் ஃபோன் பண்ணுகிறார். "குழந்தைவேலு, இன்னிக்கிப் பேர் மாத்தறோம். நீங்களும் அந்த ஸ்கோப்பைக் குடுத்துடறதுன்னா பேசலாமே" என்கிறார். குடுத்துடறதா! இதை ஸ்டூலில் வைத்துப் பூப்போட்டுக் கும்பிடலாம், இன்னொருவன் துப்பாக்கிக்கு மாட்டக் கொடுப்பேனா? பையை எடுத்தேன், பஸ் ஏறினேன். நேராகக் கடைக்குப் போய், எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறேன்: ஏன்டா எனக்கு மட்டும் தரமாட்டேன்கிறாய்? நான் உனக்கு என்னடா செய்தேன்? பதில் சொல்லாமல் அவனைப் ப்ளேன் ஏற விடமாட்டேன்.

இருங்கள். ஃபோன்.

அவன்தான் சார். போஜன்.

எடுக்கட்டுமா? எடுக்கிறேன். எடுக்காவிட்டால் பயந்துவிட்டேன் என்று நினைப்பான்.

"ம், சொல்லு… பஸ்ஸுல இருக்கேன். காத்தாடிப் பாறைக்குக் கீழ, மண்ணு சரிஞ்சு கிடக்குது… உன்னைப் பாக்கறதுக்கு வரலை, ரைஃபிளைப் பாக்க வர்றேன்… என்ன? இன்னும் போடலையா?… எனக்கோசரமா?… டாக்டர் என்னங்கறாரு?… சரிங்கறாரா!"

சார், கையெழுத்துப் போடவில்லையாம்! நான் வருகிற வரைக்கும் போடமாட்டானாம். எனக்கே தருகிறானாம் சார்! ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம், அதைக் கேட்டுவிட்டு, அதற்கப்புறமும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாமாம்.

"போஜா, சொல்லாமக் குடு… ஏன்?… சொல்லாமக் குடுத்தா என்ன கெட்டுப்போச்சு?… மனசு கேக்கலைன்னா தண்ணி குடி… என்ன பெட்டி?… நம்பர் பஞ்சா?"

"…"

"அதெல்லாம் அன்னிக்கே உருக்கப் போயிருச்சு. ஆமா, பூராவும். ஒண்ணு விடாம… நான் எதையும் பாக்கலை. பாக்க எனக்கு எங்க நேரம், எடை போட்டு லாரியில ஏத்துனேன்… எந்த நாலு? எனக்கு ஒரு நாலும் தெரியாது."

"நிறுத்து… போஜா, நிறுத்துன்னு சொல்றேனில்ல. இனி ஒரு வார்த்தை பேசுனா ஃபோனைப் பள்ளத்துல வீசிருவேன். நாஞ் சொல்றதைக் கேளு. டாக்டருக்கே குடுத்துரு… ஆமா. புத்தியோடதான் சொல்றேன். ரைஃபிளைக் குடுத்துரு. நீ சொல்ல வந்ததை மட்டும் யாருக்கும் குடுக்காத. மூட்டை கட்டி ஆஸ்திரேலியாவுக்கே எடுத்துட்டுப் போயிரு. எங்கிட்டச் சொல்லக் கூடாது, ஃபோன்லயும் கூடாது, கடுதாசியிலயும் கூடாது. நான் ரைஃபிள் கேக்க மாட்டேன், நீ வாயைத் திறக்க மாட்டே. இதான் என் கடைசி விலை. சம்மதமா?… சம்மதமான்னு கேட்டேன்."

"…"

"அழுவாத. கடையில நாலு பேரு பாப்பாங்க… சரி, சரி… வந்துட்டேதான் இருக்கேன். கையிலதான் இருக்குது. டாக்டர்கிட்டச் சொல்லி வை, ஒருக்கா மாட்டிப் பாத்துட்டுக் கழட்டிக்கறோம்னு. கடை வாசல்ல என்ன தெரியும், எதுத்தாப்புல பேக்கரி தெரியும். பாப்போம்… நீ சாப்பிட்டியா?… அப்பறம்? அந்தப் பேக்கரியில ஒரு பன்னாச்சும் வாங்கித் தின்னு. ராத்திரி பூரா ப்ளேன்ல உக்காரணும்."

ம்.

வைத்துவிட்டான்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? பெட்டியா? அது உங்களிடம் சொன்னது. அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? பேரத்தில் எல்லாவற்றையும் மேஜை மேல் வைக்கிறவன் பிழைக்க முடியாது. நல்ல பேரம் சார் இது. என்னை ஏமாற்றினவன் இந்த மலையில் கிடையாது, முதலிலேயே சொன்னேனில்லையா?

இந்த நம்பரைப் பார்க்கிறீர்கள். தெரியும், அப்போதிருந்து அதைத்தான் பார்க்கிறீர்கள். ஆமாம், இதிலிருக்கிற நாலுக்குக் கால் முழுசாகத்தான் இருக்கிறது. எனக்கென்ன கண் இல்லையா? இரும்பில் அடித்தால் கால் நிற்கும், மரத்தில் அடித்தால் நிற்காது. மழை, குளிர், கை வேர்வை. மரம்தானே. அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அதோ, சத்தம் கேட்கிறதா? ஜேசிபி. வந்துவிட்டான் மகராசன். வந்தவன் பீடி பற்ற வைத்துக்கொண்டு நிற்கிறான் பாருங்கள்! இப்படி வேலை செய்தால் விடிந்துவிடும். நான் இறங்கிப்போய்ப் பேசுகிறேன். பேசுகிற விதத்தில் பேசினால் சீக்கிரம் நடக்கும்.

இதைக் கொஞ்சம் பிடியுங்கள் சார். மழையில் கொண்டுபோக முடியாது. இரண்டு கையாலும் பிடியுங்கள். நம்பர் மேல் விரல் பட்டாலும் பரவாயில்லை.